அப்பாவின் டேப்பும் மீன் தொட்டி டியூபும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, அப்படியே கிடப்பில் போட்டிருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அதான் இன்னைக்கு முடிச்சுடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொசுவத்தி வாசனை ஒத்துக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம் :-)

வீட்டுல எனக்கு 'காயலான் கடை'ன்னு ஒரு பட்டப்பேர் உண்டு. வச்சது தங்கமணி. காரணம் இல்லாம இல்லை. கோயமுத்தூர்ல இருக்கிற எங்க வீட்டு மாடி அறையில ரெண்டு 486 பொட்டி, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அஞ்சேகால் இன்ச் ஃப்ளாப்பி டிரைவ் மூணு, பேர் தெரியாத கார்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு. "இதுல ஒண்ணாவது ஓடுமா?"ன்னு வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. ஓடும். ஓட வைக்கிறதுதான் என் ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு.

ஆனா இந்தப் பைத்தியம் பிடிச்ச கதை பொழுதுபோக்கா ஆரம்பிக்கலை. நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்துல ஆரம்பிச்சது.

அப்பா மன்னார்குடியில டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தார். தமிழ் லோயர், ஹையர், இங்கிலீஷ் லோயர், ஹையர். காலையில ஆறு மணிக்கே தடதடன்னு சத்தம் ஆரம்பிச்சுடும். தொண்ணூறுகளின் நடுவுல கூட்டம் குறைய, நாலு மெஷினை வித்துட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி டிடிபி சென்டர் ஆக்கினார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளோட ப்ராஜெக்ட்னு வேலை வந்தது. டைப்ரைட்டர்ல பழகின கை. பாமினி எழுத்துருவும் ஏறக்குறைய அதே கீபோர்டு அமைப்புதான்ங்கிறதால, திரையைப் பார்க்காமலே அடிப்பார்.

அந்த ஊர் ஈரத்துக்கு ஃப்ளாப்பிகள் பூஞ்சணம் பூத்துச்சு. ரெண்டு தடவை வாடிக்கையாளர் வேலை போய் திட்டு வாங்கின பிறகு, அப்பா கடன் வாங்கி ஒரு டேப் டிரைவ் வாங்கினார். கியூஐசி-80ன்னு சொல்லுவாங்க. கால் இன்ச் அகல டேப், சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு கேட்ரிட்ஜ். அடிப்பக்கம் உலோகத் தகடு, மேலே பிளாஸ்டிக். ஒரு கேட்ரிட்ஜ்ல 120 எம்பி. இன்னைக்கு நாலு வாட்ஸப் வீடியோவுக்குத்தான் காணும். அன்னைக்கு அது எண்பதுக்கும் மேல ஃப்ளாப்பி.

ராத்திரி கடையை மூடுறதுக்கு முன்னாடி பேக்கப் ஓடும். கீய்ய்ய்ய்... டக்... கீய்ய்ய்ய்... டக். டேப்ல 28 தடங்கள். ஒரு தடத்துல கடைசி வரைக்கும் ஓடி, அடுத்த தடத்துல திரும்பி வரும். ஏர் உழுற மாடு வரப்புல திரும்புமே, அந்த மாதிரி. முழு டேப்பையும் எழுத ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்பா அதுவரைக்கும் ஸ்டூல்ல உட்கார்ந்து ஜாப் நோட்டுல கணக்கு எழுதுவார். எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி. பெஞ்சுலயே தூங்கிடுவேன்.

இப்ப முட்டாள்தனத்துக்கு வர்றேன். 2004-ல அப்பா கடையை மூடினப்ப வேலைக்குப் போயிட்டிருந்த பெரிய மனுஷன் நான். "இதெல்லாம் யாருப்பா இனிமே வாங்குவா, இடத்தை அடைக்குது"ன்னு சொல்லி, பொட்டி, மானிட்டர், டேப் டிரைவ் எல்லாத்தையும் பழைய இரும்புக்காரர் தராசுல ஏத்தினது நான்தான். அப்பா ஒண்ணும் சொல்லலை. ரெண்டு கேட்ரிட்ஜை மட்டும் எடுத்து சட்டைப்பையில போட்டுக்கிட்டார். டிரைவ் இல்லாம டேப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறார்னு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சேன்கூட.

அப்பா 2019-ல தவறிட்டார்.

2021-ல ஒரு போன். அப்பாகிட்ட வேலை கொடுத்த வாத்தியார் ஐயாவோட பொண்ணு. எனக்கு அக்கா முறை சொல்லிப் பழக்கம். "தம்பி, எங்கப்பா உங்க கடையில ஒரு புஸ்தகம் அடிக்கக் கொடுத்திருந்தாரே, ஞாபகம் இருக்கா? அது எங்கயாவது இருக்கா?"

ஞாபகம் இருந்தது. வாத்தியார் ஐயா ரிட்டயர் ஆன பிறகு சைக்கிள்லயே சுத்தி, சுத்துப்பட்டு கிராமத்துப் பொம்பளைங்க பாடுற பாட்டையெல்லாம் நோட்டுல எழுதிட்டு வருவார். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. மூணு வருஷம் அப்பா அதை அடிச்சார். காசு சேர்ந்ததும் புத்தகம் போடலாம்னு இருந்தாங்க. சேரலை. ஐயாவும் போயிட்டார். கையெழுத்து நோட்டெல்லாம் ஒரு வெள்ளத்துல நனைஞ்சு கூழாயிடுச்சாம். பாடின கிழவிகள்ல பாதிப்பேர் இன்னைக்கு இல்லை.

மன்னார்குடிக்குப் போய் அப்பாவோட பீரோவைத் திறந்தேன். பாஸ்புக் பக்கத்துல அந்த ரெண்டு கேட்ரிட்ஜும் ஜாப் நோட்டும் இருந்தது. நோட்டுல அப்பா கையெழுத்துல தெளிவா: டேப் 1, ஒப்பாரி, முடிந்தது, டிஸ்கில் அழித்தாச்சு. டேப் 2, தாலாட்டு, நடவு.

அதாவது ரெண்டும் ரெண்டு நகல் கிடையாது. சின்ன ஹார்ட் டிஸ்க்ல இடம் பத்தாம, முடிஞ்ச வேலையை டேப்ல ஏத்திட்டு டிஸ்க்ல அழிச்சுட்டார். ஒவ்வொண்ணுக்கும் உலகத்துலயே ஒரே ஒரு பிரதி. படிக்கிற டிரைவை நான் கிலோ கணக்குல வித்துட்டேன்.

இந்த இடத்துல ஒரு உண்மைக் கதை சொல்லியே ஆகணும். 1966-67ல நாசா ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை நிலாவுக்கு அனுப்பிச்சு. மனுஷன் இறங்க இடம் பார்க்க. அந்தப் படங்கள் எல்லாம் ஆயிரத்துச் சொச்சம் டேப்புல பதிவாச்சு. படிக்கிறதுக்கு ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900ன்னு ஃப்ரிட்ஜ் அளவு மெஷின். காலம் போச்சு, மெஷின்கள் வழக்கொழிஞ்சுது. நான்சி எவன்ஸ்ங்கிற அம்மா டேப்புகளை அழிக்கவிடாம காப்பாத்தினாங்க. அதோட நிக்காம, ஓடாத டிரைவ்களையும் தன் வீட்டுக் கராஜ்ல வருஷக்கணக்கா வச்சிருந்தாங்க. பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கவிங்னு ரெண்டு பேர் தலைமையில ஒரு சின்னக் குழு அதையெல்லாம் எடுத்துட்டுப் போய், நாசா ஏம்ஸ் வளாகத்துல மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில வச்சு, பார்ட் பார்ட்டா பழுது பார்த்தாங்க. 2008 நவம்பர்ல முதல் படம் வெளிவந்தது. நிலாவோட விளிம்புக்கு மேல பூமி. 1966 ஆகஸ்ட் 23-ல எடுத்தது. அன்னைக்கு வெளியான படத்தைவிட இது பல மடங்கு தெளிவு.

அந்த அம்மா டேப்பை மட்டும் வச்சுக்கிட்டு டிரைவைத் தூக்கிப் போட்டிருந்தா அந்தப் படம் வந்திருக்காது. அப்பா டேப்பை வச்சிருந்தார். டிரைவைத் தூக்கிப் போட்டவன் மகன்.

சரி, அழுது என்ன ஆகப்போகுது. தேட ஆரம்பிச்சேன். 2022-ல அதே ரகத்துல ஒரு பழைய டிரைவ், கூடவே நாலு பழைய கேட்ரிட்ஜோட, ஒரு நண்பர் மூலமா வந்து சேர்ந்தது. மூடியைக் கழட்டிப் பார்த்தா, டேப்பை ஓட்டுற ரப்பர் உருளை கருப்பட்டிப் பாகு மாதிரி உருகிக் கிடக்கு. தொட்டா விரல்ல ஒட்டுது. அந்தக் காலத்து டிரைவ்கள் பலதுக்கும் இதே வியாதிதான். ரப்பர் வயசாச்சுன்னா ஒண்ணு கல்லாகும், இல்லைன்னா பாகாகும்.

நம்ம ஆடியோ கேசட்ல ரெண்டு ஓட்டையில பல்சக்கரம் நுழைஞ்சு சுத்துமில்லையா? இதுல அது கிடையாது. டிரைவ்ல ஒரே ஒரு ரப்பர் உருளை. அது கேட்ரிட்ஜ்ல இருக்கிற ஒரு சின்ன உருளையை உரசித் தள்ளும். அந்த உருளை ஒரு மெல்லிசான பெல்ட்டை இழுக்கும். பெல்ட் ரெண்டு சுருளையும் வெளிப்பக்கமா அணைச்சுக்கிட்டு இருக்கும். பெல்ட் நகர்ந்தா சுருள் சுத்தும், டேப் ஓடும். ரொம்ப அழகான ஏற்பாடு. 3எம் கம்பெனி 1972-ல கொண்டு வந்தது. ஆனா ரப்பர், பெல்ட் ரெண்டுல ஒண்ணு சொதப்பினாலும் ஆட்டம் காலி.

முதல்ல சைக்கிள் வால்வ் டியூபை வெட்டி மாட்டிப் பார்த்தேன். ரொம்ப மெலிசு, வழுக்குச்சு. அப்புறம் மீன் தொட்டிக்கு காத்து விடுற சிலிக்கான் டியூப். பிடிப்பு நல்லா இருந்தது, ஆனா தடிமன் கூட. உருளையோட விட்டம் மாறினா டேப்போட வேகம் மாறும், படிப்பு தப்பும். எங்க தெருமுனை லேத் பட்டறை அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, மிக்ஸிக்குப் புஷ்ஷா?"

"இல்லண்ணா, பழைய கம்ப்யூட்டர் பார்ட்."

"ஓடுமா?"

"நீங்க சரியா உரசிக் கொடுத்தா ஓடும்."

வெர்னியர் வச்சு அளந்து, உப்புத்தாள்ல உரசி, நான் சொன்ன அளவுக்குக் கொண்டு வந்துட்டார். காசு கேட்டதுக்கு "டீ வாங்கிக் கொடுங்க"ன்னார்.

அடுத்தது பொட்டி. இந்த டிரைவ் ஃப்ளாப்பி கேபிள்ல சொருகுறது. இன்னைக்கு வர்ற மதர்போர்டுகள்ல அந்த வாயே கிடையாது. யூஎஸ்பி ஃப்ளாப்பியும் உதவாது. ஒரு 486 போர்டு தேடிப் பிடிச்சேன். அதுல இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி ஒழுகி, கீபோர்டு பக்கத்துத் தடங்களை எல்லாம் பச்சையா அரிச்சு வச்சிருந்தது. நீங்க பழைய போர்டு எது வச்சிருந்தாலும் முதல் வேலையா அந்தப் பீப்பாய் மாதிரி பேட்டரியை வெட்டி எறிஞ்சுடுங்க. ஒழுகுறது காரம். அதனால வினிகரை பட்ஸ்ல தொட்டுத் துடைச்சு, அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால கழுவி, நல்லா காய வைக்கணும். அறுந்த தடம் ரெண்டுக்கு முடி மாதிரி செம்புக் கம்பி வச்சுப் பத்த வச்சேன். கீபோர்டு உயிர் பெத்தது.

இயக்குறதுக்குப் பழைய லினக்ஸ். எஃப்டேப்ங்கிற டிரைவர் நிரல் இந்த மாதிரி டிரைவ்களுக்குன்னே இருந்தது. 2007-ல கெர்னல்ல இருந்து கழட்டி விட்டுட்டாங்க. அதுக்கு முந்தின பதிப்பு ஒண்ணைப் போட்டேன். டிரைவ்கூட வந்த பழைய கேட்ரிட்ஜ் ஒண்ணைச் சொருகினேன்.

கீய்ய்ய்ய்... டக்.

பதினெட்டு வருஷம் கழிச்சு அந்தச் சத்தம். தங்கமணி மாடிப்படியில நின்னு "என்ன, அழுறியா?"ன்னு கேட்டா. தூசிம்மான்னு சமாளிச்சேன்.

இங்கேதான் நான் ரெண்டாவது முட்டாள்தனம் பண்ணேன். சோதனை டேப் ஓடின சந்தோஷத்துல, அதே கையோட அப்பாவோட டேப் 1-ஐ எடுத்துச் சொருகிட்டேன். உள்ளே இருக்கிற பெல்ட்டைப் பார்க்கலை.

இந்த டிரைவ்ல ஒரு குணம். கேட்ரிட்ஜ் உள்ளே போன உடனே, நாம ஒண்ணும் சொல்லாமலே, ஆரம்பத்தைத் தேடி முழு வேகத்துல ஓடும். ரெண்டு பத்து வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல அழுத்திக்கிட்டிருந்த பெல்ட் டேப்போட மேல்பரப்புல ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. ஓடின வேகத்துல காந்தப் பூச்சைப் பிச்சு எடுத்துக்கிட்டே போச்சு. பழுப்பு நிறம் போய் டேப் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. டேப்போட ரெண்டு முனையிலயும் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒளி அது வழியா வந்து ஒரு குட்டிக் கண்ணாடியில பட்டுத் தெரிஞ்சா, 'முனை வந்தாச்சு, நில்லு'ன்னு அர்த்தம். இங்கே டேப்பே கண்ணாடியானதால டிரைவ் குழம்பிப் போச்சு. எது முனைன்னு தெரியாம முன்னும் பின்னும் ஓடி, கடைசியில டேப் ஒரு சுருளை விட்டே கழண்டு வந்துடுச்சு. இந்த ரக கேட்ரிட்ஜ்ல டேப்போட முனையைச் சுருளோட ஒட்டியிருக்க மாட்டாங்க. வெறும் இறுக்கத்துல நிக்குறதுதான். நான் பதறிப்போய் வெளியே இழுத்தேன். கசங்கிடுச்சு.

எல்லாம் பத்து செகண்டு. மூணு வருஷ வேலை.

ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. மூணாம் நாள் அக்காவுக்குப் போன் பண்ணேன். பொய் சொல்லலாமான்னு யோசிச்சேன், 'டேப் ஏற்கனவே கெட்டுப் போயிருந்துச்சு'ன்னு. பாதி உண்மைதானே? ஆனா வாய் வரலை. "என் அவசரத்துல ஒண்ணு போயிடுச்சுக்கா. ஒப்பாரி இருந்தது"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதுல எங்க ஆத்தா பாடுனது ஒண்ணு இருந்துச்சு தம்பி"ன்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ரெண்டாவது டேப்பை அதுக்கப்புறம் அஞ்சு மாசம் தொடலை. அந்த அஞ்சு மாசமும் மத்த மூணு பழைய கேட்ரிட்ஜைப் பிரிச்சுக் கோக்கப் பழகினேன். அடித்தகட்டுல இருக்கிற திருகாணியைக் கழட்டி, பெல்ட்டை மில்லிமீட்டர் மில்லிமீட்டரா பிரிச்சு, நல்ல பெல்ட் மாட்டி, கையால மெதுவா முழுக்க ஒரு தடவை சுத்திப் பார்த்து, அதுக்கப்புறம்தான் டிரைவ். முதல் கேட்ரிட்ஜ் நாசம். ரெண்டாவது சுமார். மூணாவது சுத்தமா படிச்சது. ஒளி பார்க்கிற சென்சார், டேப் படிக்கிற ஹெட் ரெண்டையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துடைக்கிற பழக்கம் வந்தது. பொறுமைன்னா என்னன்னு நாற்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டேன்.

2023 பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, டேப் 2. பெல்ட் இதுலயும் ஒரு இடத்துல ஒட்டியிருந்தது. ஹேர் டிரையர் வைக்கலாம்னு யாரோ எழுதியிருந்தாங்க. கை நடுங்கி வேணாம்னுட்டேன். விரல் நகத்தால ஒரு மணி நேரம். ஒரு இம்மி பூச்சு மட்டும் வந்தது. புது பெல்ட் மாட்டி, கையால சுத்தி, கண்ணை மூடிட்டு சொருகினேன்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல ஓடிச்சு. அப்பா மாதிரியே ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தேன்.

இந்த டேப்ல ஒரு புத்திசாலித்தனம் இருக்கு. ஒரு கேபி அளவுள்ள 32 கட்டங்களை ஒரு பகுதியா எழுதும். அதுல 29 நம்ம சரக்கு, 3 கணக்குப் போட்டு எழுதின உபரி. எந்த மூணு கட்டம் போனாலும் மிச்சத்தை வச்சு அதைத் திரும்பக் கணக்குப் போட்டு எடுத்துடலாம். நகத்தால கீறின இடம்கூட அப்படித்தான் பிழைச்சது. ஏழு பகுதிகள்ல மட்டும் மூணுக்கு மேல போயிருந்தது. அதுல ரெண்டு கல்யாணப் பத்திரிகைப் படம். மிச்சம் அஞ்சு, நடவுப் பாட்டு.

பேக்கப் மென்பொருள் சுருக்கி எழுதினதைப் பிரிக்க, ஆர்வலர்கள் எழுதி இலவசமா கொடுத்திருக்கிற நிரல்கள் இருக்கு. அவங்க நல்லா இருக்கணும். பிரிச்சா, அப்பா அடிச்ச கோப்புகள் வரிசையா வந்து நின்னது. ஒண்ணைத் திறந்தேன். ஒரே கொத்துக்கறி. எம், கே, செமிகோலன், கே, ஹெச்.

யூனிகோடு தமிழ் புழங்குறதுக்கு முந்தின காலம். ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு தனி மொழி. பாமினியில எம் அடிச்சா அ. கே அடிச்சா ம. செமிகோலன் புள்ளி. ஹெச் துணைக்கால். எம், கே, செமிகோலன், கே, ஹெச்.

அம்மா.

மாத்தி நிரலை ஓட்டாமலே அந்த ஒரு வார்த்தையை என்னால படிக்க முடிஞ்சது. சின்ன வயசுல அப்பா கீபோர்டுல எனக்கு முதல்ல அடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

நாற்பத்திமூணு தாலாட்டு முழுசா கிடைச்சது. நடவுப் பாட்டு அங்கங்கே ஓட்டையோட. ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் பாடினவங்க பேர், ஊர், வயசு. எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தி, பிரிண்ட் போட்டு, மன்னார்குடிக்கு எடுத்துட்டுப் போய்க் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பேரையெல்லாம் ஒவ்வொண்ணா படிச்சாங்க. "அழுவுற பாட்டு போனா போவுது தம்பி. தூங்க வைக்கிற பாட்டு வந்துடுச்சுல்ல"ன்னாங்க. எனக்காகச் சொன்னதுன்னு தெரியும். அவங்க ஆத்தா பாட்டு போனது போனதுதான்.

டேப் 1-ஐ நான் தூக்கிப் போடலை. கசங்கின டேப்பை ஒரு பெரிய சுருள்ல தளர்வா சுத்தி, சிலிக்கா ஜெல் பையோட டப்பாவுல வச்சிருக்கேன். பூச்சு உரியாத இடம் கொஞ்சம் மிச்சம் இருக்கு. என்னைவிடப் பொறுமைசாலி ஒருத்தர் வரலாம். அவருக்கு வேணுமேன்னுதான் டிரைவையும் ஓடுற நிலைமையில வச்சிருக்கேன். மாசம் ஒரு தடவை ஒரு வெத்து டேப்பை ஓட்டுறேன். சிலிக்கான் உருளை இதுவரைக்கும் நல்லா இருக்கு.

மக்களே, உங்க பரண்ல ஏதாவது ஃப்ளாப்பி, டேப், பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா, அதைப் படிக்கிற கருவி இருக்கான்னு இந்த வாரமே பாருங்க. இருந்தா நகல் எடுத்துட்டு, கருவியையும் பத்திரமா வையுங்க. வீட்டுல 'காயலான் கடை'ன்னு சொல்லத்தான் செய்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

டிஸ்கி: லேத் அண்ணனுக்கு நான் இன்னும் டீ பாக்கி. போன வாரம்கூட ஞாபகப்படுத்தினார் :-)